கருநாக்கும் இரண்டு ராசகுமாரரும்

என் நாக்கின் இடது ஓரத்தில் உளுந்தளவு கறுப்பு மறு ஒன்று இருக்கிறது. பிறக்கும்போதே இருந்ததாம். எங்கள் ஊரில் இதைக் கருநாக்கு என்பார்கள். கருநாக்குக்காரி வாயால் விழுந்தது நடக்கும், நல்லதென்றால் நல்லது, கெட்டதென்றால் கெட்டது என்று எல்லோரும் நம்பினார்கள். பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளைத் தாய்மார் என் படலையடியில் கொண்டுவந்து நிறுத்துவார்கள். "நல்லதாய் ஒரு சொல்லுச் சொல்லிவிடு பிள்ளை" என்பார்கள். நானும் சொல்லிவிடுவேன். எனக்கு அதில் பெருமை இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். படிப்பில்லை, பிள்ளை இல்லை, எனக்கு இருபத்தொன்பது வயதில் புருசனைப் பாம்பு தீண்டிக் கொண்டுபோய்விட்டது. இவ்வளவுக்கும் பிறகு ஊர் என் வாயைப் பார்த்து நின்றதென்றால் யாருக்குத்தான் தலை நிமிராது.

என் தங்கச்சிக்கு முதலிரண்டு பிள்ளைகளும் வயிற்றில் தங்கவில்லை. மூன்றாவதில் அழுதுகொண்டு வந்து என் முன்னால் நின்றாள். வயிற்றில் கை வைத்து, "இது தங்கும். ஆம்பிளைப் பிள்ளை" என்றேன். தங்கியது. ஆம்பிளைப் பிள்ளைதான். அவனைப் பெற்றது அவள் என்றாலும், அவனை இருக்கச் சொன்னது நான் என்று அவள் கடைசிவரை நம்பினாள்.

எங்கள் வளவில் மூன்று வீடுகள். நடுவில் என்னுடையது. கிழக்கே அண்ணையின் வீடு. மேற்கே தங்கச்சி வீடு. தங்கச்சியின் மனுசன் சவுதியில் வேலை. அண்ணைக்கு ஒரு மகனும் ஒரு சின்ன மகளும். தங்கச்சிக்கு நான் சொல்லிப் பிறந்தவனும் அவனுக்குப் பிறகு இரண்டு பெட்டைகளும். அண்ணையின் மகன் இரண்டு வயது மூத்தவன். எனக்கு மருமகன், என்னை மாமி என்பான். தங்கச்சியின் மகன் பெரியம்மா என்பான். இரண்டு பேரும் என் அடுப்படியில் ஒரு கோப்பையில் சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள். இளையவன் மூத்தவனை அண்ணை என்றுதான் கூப்பிடுவான்.

எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு பொடியன்கள் ஆயுதம் தூக்கிய இயக்கங்களுக்குப் போகத் தொடங்கினார்கள். ஒன்றல்ல, பல இயக்கங்கள். மூத்தவன் ஒன்றுக்குப் போனான். ஆறு மாதம் கழித்து இளையவன் இன்னொன்றுக்குப் போனான். ஏன் ஒரே இயக்கத்துக்குப் போகவில்லை என்று நான் இளையவனைக் கேட்டேன். "எங்கடை ரியூட்டரிக்கு அவையள்தான் வந்தவை பெரியம்மா" என்றான். அவ்வளவுதான் காரணம். பண்டத்தரிப்பில் படிக்கப் போனவன் ஒன்றிலும் மருதனார்மடத்தில் படிக்கப் போனவன் மற்றதிலும் சேர்ந்தார்கள்.

எண்பத்தாறில் ஆமியின் ஹெலி வந்து சுடுவதும் அவர்களின் காம்பில் இருந்து ஷெல் அடிப்பதும் கூடிப்போனபோது, மூன்று வீட்டுக்கும் பொதுவாக என் முற்றத்தில் ஒரு பங்கர் வெட்டினோம். எனக்குத் தெரிந்த எழுத்துகளில் சொல்வதென்றால் ‘ட’ மாதிரி, ஓரிடத்தில் மடங்கும். கீழே கல் தட்டியதால் ஆழம் போகவில்லை. மேலே பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்டோம். அண்ணை அதற்குள் ஒருநாளும் வந்ததில்லை. சவக்குழிக்குள் உயிரோடு இறங்கமாட்டேன் என்று சொல்லிப் புகையிலைத் தோட்டத்து வரம்பில் குப்புறப் படுத்துக்கொள்வார். உள்ளே நான், தங்கச்சி, அண்ணையின் மனைவி, மூன்று பெட்டைகள். அண்ணையின் மனைவி எனக்கு மச்சாள். என்னையும் அவள் மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள்.

ஹெலி தலைக்கு மேலே நின்று சுற்றும்போது பெட்டைகள் நடுங்கி அழும். அழுகையை நிறுத்தவே ஒருநாள் நான் ஒரு ராசா கதை தொடங்கினேன். எங்கேயும் கேட்ட கதை இல்லை. அந்த இடத்திலேயே என் வாயில் வந்தது.

ஒரு நாட்டில் ஒரு ராசா. அவருக்கு ஏழு தோட்டம், ஏழு துலா, இரண்டு மனைவிமார். மூத்தவளுக்கு ஒரு மகன், இளையவளுக்கு ஒரு மகன். அந்த நாட்டின் நடுவில் ஒரு கிணறு. யார் எட்டிப் பார்த்தாலும் தண்ணீர் முகம் காட்டாது. ராசாவாக வேண்டியவன் பார்த்தால் மட்டும் முகம் தெரியும். ராசா செத்துப்போனார். மூத்தவன் போய் எட்டிப் பார்த்தான், முகம் தெரிந்தது. முடிசூட்ட ஊர் சங்கு ஊதப் போகிற நேரம் இளையவனும் சும்மா எட்டிப் பார்த்தான். அவனுடைய முகமும் தெரிந்தது.

"அப்ப ஆர் மாமி ராசா?" என்று அண்ணையின் மகள் கேட்டாள்.

"அதுதானே சண்டை" என்றேன்.

மூத்தவனுக்கு யானைப்படை கொடுத்தேன். இளையவனுக்குக் குதிரைப்படை. யானை என்ன தின்னும் என்று கேட்டார்கள். பனையோலை என்று சொல்லிவிட்டேன். "அப்ப வேலியை எல்லாம் திண்டுபோடுமே பெரியம்மா" என்றாள் தங்கச்சியின் மூத்த பெட்டை. ஆமென்று சொன்னேன். யானைகள் நாடு முழுக்க வேலியைத் தின்று தீர்த்தன. ஆருடைய காணி எது என்று தெரியாமல் போயிற்று. அதிலிருந்து சனமும் இரண்டாகப் பிரிந்து அடிபடத் தொடங்கியது. வேலிச் சண்டையில் ஏழு வருசம் கோடேறி வழக்காடிய மச்சாள் அந்த இடத்தில் இருட்டுக்குள் சிரித்தது எனக்குக் கேட்டது.

இப்படி நாலைந்து கிழமை ஓடியது. ஹெலி வந்தால் கதை, போனால் அடுப்பு. நிறுத்தும்போதெல்லாம் "மிச்சம் நாளைக்கு" என்பேன். அண்ணையின் மகள் யானைப் பக்கம். தங்கச்சியின் பெட்டைகள் குதிரைப் பக்கம். யார் யாரை நினைத்துக்கொண்டு அந்தப் பக்கங்களை எடுத்தார்கள் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அதை நாங்கள் பேசவில்லை.

ஒருநாள், கதை நீண்டுபோகிறதே என்று ஒரு திருப்பம் வைத்தேன். இளையவனின் படை சிதறிப் போயிற்று, அவன் ஒற்றையாய்க் காட்டுக்குள் ஓடினான், தமையனின் ஆட்கள் தேடி வருகிறார்கள் என்று சொல்லி அன்றைக்கு நிறுத்தினேன்.

மறுநாள் காலை ஒலிபெருக்கி கட்டின கார் எங்கள் ஒழுங்கையால் போனது. மூத்தவன் இருந்த இயக்கம் இளையவன் இருந்த இயக்கத்தைத் தடைசெய்துவிட்டதாம். ஆயுதங்களோடு வந்து சரணடைய வேண்டுமாம். ஒளித்து வைத்திருப்பவர்களுக்கும் தண்டனையாம். சந்திகளில் பொடியன்கள் பொடியன்களைச் சுட்டுப் போட்டிருப்பதாக மத்தியானத்துக்கிடையில் கதை வந்துவிட்டது. சிலரைக் கார் ரயர் போட்டு எரித்ததாகவும் சொன்னார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. புகை மட்டும் பார்த்தேன்.

பின்னேரம் ஹெலி வந்து பங்கருக்குள் இறங்கினோம். தங்கச்சி என் கையைப் பிடித்தாள். நகம் உள்ளே போனது.

"அக்கா, நேற்று நீ என்ன சொன்னனி?"

"கதைக்குச் சொன்னனான்."

"உன்ரை வாய்க்குக் கதை எது, நிசம் எது எண்டு தெரியுமே?"

ஹெலிக்கு நான் பயப்பட்டதுண்டு. என் வாய்க்கு நான் பயந்தது அன்றைக்குத்தான்.

"அவனை வெல்லப் பண்ணு" என்றாள். "இப்ப, இந்த நிமிசம் சொல்லு. சின்னவன் வெண்டான் எண்டு சொல்லு."

மச்சாள் மடங்கிய மூலையில் இருந்தாள். "வெல்லட்டும்" என்றாள் நிதானமாக. "வெண்டால் மூத்தவன் என்னாவான்? அதையும் உம்மடை அக்காட்டைக் கேட்டுச் சொல்லும்."

"உங்கடை மோன் துவக்கோடை சந்தியிலை நிக்கிறான் மச்சாள். என்ரை பிள்ளை எந்தப் பத்தைக்குள்ளை கிடக்கிறானோ. ஆருக்கு இப்ப சொல்லு வேணும்?"

"துவக்கு வைச்சிருக்கிறவனுக்குச் சாவு வராதே?"

நான் வாயை மூடிக்கொண்டேன். மூன்று நாள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சோறு வேணுமா என்றால் தலையை ஆட்டுவேன். ஒரு பிள்ளைக்கு நல்லது சொன்னால் மற்றப் பிள்ளைக்குக் கெட்டதாய் முடியும் என்று இருந்தபோது எந்தச் சொல்லை எடுக்கிறது.

ஆனால் கதை நான் நிறுத்தினதோடு நிற்கவில்லை. மூன்றாம் நாள் பங்கருக்குள் பெட்டைகள் தாங்களே அதைத் தொடரத் தொடங்கிவிட்டார்கள். "சின்னவனைப் பிடிச்சாச்சு. மரத்திலை கட்டியாச்சு" என்றாள் அண்ணையின் மகள். அவளுக்கு எட்டு வயது. சொல்லி முடிக்கவில்லை, மச்சாள் அவள் வாயில் ஓங்கி ஒன்று போட்டாள். தங்கச்சி கையைத் தூக்க முதலே அது விழுந்துவிட்டது. பிள்ளை அழக்கூட இல்லை. தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த நாள் காலை கிணற்றடியில் மச்சாள் என்னிடம் வந்தாள். வாளியைக் கிணற்றுக் கட்டின்மேல் வைத்துவிட்டு நின்றாள்.

"கதையை நீரே சொல்லும் மச்சாள். பிள்ளையளின்ரை வாயிலை விடாதையும்."

நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன்.

"ஒண்டு கேக்கிறன். மூத்தவன் தம்பியைக் காணுறான். கண்டும் காணாதமாதிரிப் போறான். அப்பிடிச் சொல்லும்."

"உங்கடை பிள்ளைக்கு ஒண்டும் கேக்கேல்லையே?" என்றேன். மூன்று நாளைக்குப் பிறகு வந்த முதல் பேச்சு அதுதான்.

"அவனுக்குத்தான் கேக்கிறன்" என்றாள். "தம்பியின்ரை ரத்தத்திலை கை நனைச்சுப்போட்டு அவன் என்ரை படலையைத் திறக்கக்கூடாது. அவன்ரை ராச்சியம் எனக்குத் தேவையில்லை."

தண்ணீரை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். எப்படிச் சொல்வது, எந்தச் சொல்லை முதலில் வைப்பது என்று நான் அன்றைக்கெல்லாம் மனதுக்குள் அடுக்கிப் பார்த்தேன். மனதில் நினைத்தால் பலிக்காது, வாயால் வந்தால்தான் பலிக்கும் என்று ஒரு தைரியம்.

அன்று மத்தியானம், ஊர் சாப்பிட்டுக் களைத்துக் கிடந்த நேரம், தலையில் புல்லுக்கட்டோடு சாரம் உடுத்த ஒருவன் பின்வேலியில் ஆள் நுழையும் பொட்டுக்குள்ளால் வந்தான். புல்லைக் கீழே போட்டபோதுதான் முகம் தெரிந்தது. தங்கச்சியின் மகன். கால் இரண்டும் முள்ளுக் கிழித்து வீங்கியிருந்தது. "பெரியம்மா, சோறு இருக்கோ?" என்று மட்டும் கேட்டான். அவனைப் புகையிலைக் குடிலுக்குள் ஒளித்தேன். தங்கச்சிக்கு மட்டும் சொன்னேன். மச்சாளுக்குச் சொல்லவில்லை. கிணற்றடியில் அவள் சொன்னதெல்லாம் சொல்தானே, பெற்ற மனம் எந்தப் பக்கம் திரும்பும் என்று யார் கண்டது.

அதற்கு இரண்டாம் நாள், காலை பத்து மணி இருக்கும், மூத்தவன் சைக்கிளில் வந்தான். ஒழுங்கை முகப்பில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள். அவன் மட்டும் துவக்கோடு என் அடுப்படிக்கு வந்தான். மெலிந்திருந்தான். தாடி வைத்திருந்தான்.

"மாமி, அவன் வந்தவனோ?"

இல்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும். என்னால் சொல்ல முடியவில்லை. பொய்க்குப் பயந்து அல்ல. ‘அவன் இல்லை’ என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? சொன்னது நடந்துவிட்டால்? நான் செம்பில் தண்ணீர் எடுத்து நீட்டினேன். அவன் வாங்கவில்லை. என் வாயையே பார்த்தான். எங்கள் ஊரில் இந்த நாக்கைத் தெரியாதவன் இல்லை. பரீட்சைக்குப் போகும்போது அவனும் என் முன்னால் வந்து நின்றவன்தான்.

"நீங்கள் வாய் திறக்கமாட்டியள், என்ன" என்றான்.

அந்த நேரம் ஹெலியின் சத்தம் கேட்டது. கேட்கும்போதே தலைக்கு மேலே வந்துவிட்டது. சூடு விழத் தொடங்கியது. தோட்டத்துப் பக்கம் மண் தெறித்தது. எல்லோரும் ஓடினோம். பெட்டைகள், மச்சாள், நான். மூத்தவனும் எங்களுக்குப் பின்னால் குனிந்து இறங்கினான். வாசலடியில் துவக்கை முழங்காலுக்கிடையில் வைத்துக்கொண்டு குந்தினான்.

கண் இருட்டுக்குப் பழகியபோது என் உயிர் போய்வந்தது. பங்கரின் மடங்கிய மூலையில் தங்கச்சி இருந்தாள். அவளோடு ஒட்டியபடி, என் கொடியில் காய்ந்த நீலச் சேலையைத் தலையோடு போர்த்துக்கொண்டு ஒரு ஆள். ஓலைக் குடில் பற்றிவிடும் என்று பயந்து இளையவன் எங்களுக்கு முதலே ஓடி வந்திருக்கிறான். சேலைக்குக் கீழே கால் தெரிந்தது. முள்ளுக் கிழித்த கால்.

அண்ணையின் மகள் அதைப் பார்த்தாள். "அங்கை இருக்கிறது ஆர்?" என்றாள்.

மச்சாளும் அந்தக் காலைப் பார்த்தாள். பிறகு மகனைப் பார்த்தாள்.

"பண்டத்தரிப்பிலை இருந்து வந்த சனம்" என்றாள் மச்சாள். "காய்ச்சல். கிட்டப் போகாதை."

மூத்தவன் மூலைப் பக்கம் ஒருதரம் திரும்பினான். அவ்வளவு நேரம் ஒரு மனிதன் பார்த்ததை நான் பார்த்ததில்லை. பிறகு வாசல் வெளிச்சத்தை நோக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நீர் கதையைச் சொல்லும் மச்சாள்" என்றாள் அவன் தாய்.

நான் தொடங்கினேன். "மூத்த ராசகுமாரன் காட்டுக்குள்ளை வந்தான். அங்கை ஒரு கல்லுக்குப் பின்னாலை தம்பி இருந்தான். தமையன் கண்டான்." அந்த இடத்தில் ஹெலி மறுபடி சுற்றி வந்தது. மண் எங்கள் தலையில் கொட்டியது. தங்கச்சியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. "கண்டும் காணாதமாதிரிப் போனான்" என்று முடித்தேன்.

பிறகு மூத்தவன் வெளியே பார்த்தபடியே கேட்டான்.

"பிறகு அந்தத் தம்பி எங்கை போறான் மாமி?"

"கடற்கரைக்கு. வள்ளமேறி அக்கரைக்கு."

"மயிலிட்டிப் பக்கம் போகவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. அங்கை ஆக்கள் நிக்கினம்."

அண்ணையின் மகள் சிரித்துவிட்டாள். "ராசா காலத்திலை மயிலிட்டி இருந்ததே அண்ணை?"

"இருந்தது. உனக்குத் தெரியாது."

"அப்ப எந்தப் பக்கத்தாலை போறது?" என்று நான் கேட்டேன்.

"மேற்காலை, பனங்கூடலுக்குள்ளாலை. வெள்ளிக்கிழமை காலமை. அண்டைக்கு ராசா எல்லாரையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். வழியிலை காவல் இராது."

ஹெலி போனது. அவன் துவக்கைத் தூக்கிக்கொண்டு ஏறினான். நான் பின்னால் ஏறி வெளிச்சத்தில் கண்ணைக் கூசிக்கொண்டு நின்றேன். அவன் சைக்கிளைப் பிடித்தவன் திரும்பினான். சின்ன வயதில் இன்னும் கொஞ்சம் கறி கேட்கும்போது வருகிற முகம்.

"மாமி, கடைசியிலை மூத்தவனுக்கு என்ன நடக்குது?"

நான் சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினேன்.

"மிச்சம் நாளைக்கு" என்றேன்.

சிரித்துக்கொண்டு போனான். ஒழுங்கையில் நின்றவர்களுக்கு அவன் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் கேட்டது. "பொம்பிளையள்தான் இருக்கினம்."

வெள்ளிக்கிழமை காலை இளையவன் மறுபடி புல்லுக்கட்டோடு மேற்காலே போனான். ஒரு மாதம் கழித்து அக்கரையிலிருந்து, பெயர் போடாத ஒரு கடிதம் வந்தது. தங்கச்சி அதை மூன்றாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு என் காலில் விழுந்தாள். நான் எழுப்பவில்லை. அந்த மரியாதையை நான் வாங்கிக்கொண்டேன்.

கதையை நான் பிறகு தொடரவில்லை. பெட்டைகள் கேட்டார்கள். ஏதோ சொல்லித் தட்டிவிட்டேன். மூத்தவனுக்கு ஒரு நல்ல முடிவு சொல்லியிருக்கலாம், ஒரு மூச்சுத்தான். ஆனால் இளையவன் தப்பினது ஒரு நூலில் தொங்குவதுபோல எனக்கு இருந்தது. இன்னொரு சொல் சொன்னால் அது அறுந்துவிடும் என்று பயம். நாளைக்கு, நாளைக்கு என்று விட்டுவிட்டேன்.

அடுத்த வருசம் சந்தியில் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். மூத்தவனின் படம் போட்டிருந்தது. படத்துக்குக் கீழே இருந்ததை நான் எழுத்துக் கூட்டி வாசித்தேன். திரும்ப ஒருமுறையும் வாசித்தேன். உடம்பு வரவில்லை. எந்த இடம் என்றும் சரியாகச் சொல்லவில்லை.

வீட்டில் சனம் கூடியிருந்தது. மச்சாள் அழாமல் இருந்தாள். வந்தவர்கள் எல்லோரும் அதைச் சொன்னார்கள், அந்த ஒரு சொல்லைத்தான் மாறி மாறிச் சொன்னார்கள். நான் போய் முன்னால் இருந்ததும் அவள் கையை நீட்டி என் வாயைப் பொத்தினாள்.

"ஊர் சொல்லட்டும்" என்றாள். "நீர் மட்டும் சொல்லாதையும் மச்சாள்."

நான் சொல்லவில்லை. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்கும் சொல்லவில்லை. பிறகு எல்லோரும் வீடு வளவை விட்டு ஓடினபோதும், தெரியாத ஊரில் பதிவுக்கு நின்று, குடும்பத்தில் எத்தனை பேர் என்று அதிகாரி கேட்டபோதும், மச்சாள் அவனையும் சேர்த்துச் சொன்னாள். நான் பக்கத்தில் நின்று ஓம் என்றேன். இப்போது அவளும் போய்விட்டாள். கையைக் கொண்டுவந்து பொத்த ஆளில்லை. எழுதுவதும் சொல்வதாகுமோ என்று எனக்குத் தெரியாது. மூன்றாம் வகுப்போடு நின்றவள், யாரிடம் போய்க் கேட்பது. அதனால் அந்தச் சுவரொட்டியில் படத்துக்குக் கீழே என்ன இருந்தது என்று இங்கேயும் நான் எழுதவில்லை.